ஏர்போர்ட் அக்கா

இசக்கிசெல்வி முதலில் பையைத் திறக்க மாட்டார். தூக்கிப் பார்ப்பார். இடது கையால் ஒரு தடவை, வலது கையால் ஒரு தடவை. பிறகு கட்டில்மேல் வைத்து நாலு மூலையையும் உள்ளங்கையால் அழுத்துவார். "உள்ள எண்ணெய்ச் சாமான் டப்பா ஒண்ணு கெடக்கு. மூடி சரியில்ல," என்பார். பைக்குச் சொந்தக்காரி வாயைப் பிளப்பாள். திறந்து பார்த்தால் புளியங்குடி எலுமிச்சையில் போட்ட ஊறுகாய், எண்ணெய் கசிந்து, பக்கத்துப் பட்டுச்சேலையின் கரை வரைக்கும் வந்திருக்கும்.

சங்கரன்கோவிலில் இசக்கிசெல்வி வீடு எது என்று கேட்டால், எந்த இசக்கிசெல்வி என்று திருப்பிக் கேட்பார்கள். ஏர்போர்ட் அக்கா வீடு என்றால் ஆட்டோக்காரர் மறுபேச்சில்லாமல் வண்டியைத் திருப்பிவிடுவார். மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையில் இருபத்து மூன்று வருஷம் வேலை பார்த்தவர். சென்னை, கோழிக்கோடு, திருவனந்தபுரம் என்று விமான நிலையம் விமான நிலையமாக எக்ஸ்ரே திரைக்கு முன்னால் உட்கார்ந்து, பிறத்தியார் பைக்குள் இருப்பதைப் பார்த்தே ஆயுசில் பாதி போய்விட்டது. முழங்கால் மக்கர் பண்ணவே வேலை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்தார். ஊர் சும்மா விடுமா? துபாய்க்கும் தோஹாவுக்கும் போகிறவர்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் பையும் கையுமாக வந்து நிற்கிறார்கள். கடையநல்லூரிலிருந்துகூட பஸ் ஏறி வருகிறார்கள். காசு வாங்க மாட்டார். திட்டு மட்டும் உண்டு, அதை வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்.

வேலையை விட்டாலும் பழக்கம் அவரை விடவில்லை. கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தியில் உட்காராமல், முன்னால் போகிறவளின் கைப்பையைப் பார்த்து, "குடை, மாத்திரை டப்பா, சீப்பு, பாதி தின்ன முறுக்கு," என்று முணுமுணுப்பார். எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் வாசலிலேயே பாட்டில் தண்ணீரைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுத்தான் நுழைவார், அது ரேஷன் கடையாக இருந்தாலும் சரி.

போன வாரம் சண்முகசுந்தரி டீச்சர் வந்தார். தோஹாவில் இருக்கும் மகளுக்கு அருவாமணை கொண்டுபோகிறார், அதுவும் கைப்பையில். சேலைக்குள் பச்சைப்பிள்ளையைச் சுற்றுவது மாதிரி சுற்றி வைத்திருந்தார். "பெரிய பெட்டியில போட்டா தூக்கிக் கடாசுவான், அலகு வளைஞ்சிரும்லா," என்று நியாயம் வேறு.

"இதத் தூக்கிக்கிட்டு நீங்க ஏறினா பைலட்டு எறங்கி ஓடிருவான் டீச்சர்."

டீச்சர் விடவில்லை. "சரி, கொப்பரைத் தேங்காய எதுக்கு எடுத்து வெளிய வச்சிய? தேங்காயால பிளேனக் கடத்துவாவளா?"

"கடத்த மாட்டாவ. கொப்பரையில எண்ணெய் இருக்கு, தீப்பிடிக்கும். அதான்."

இப்படி ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒரு காரணம் உண்டு. மிளகாய்ப் பொடி கண்ணில் தூவுவதற்கு ஆகும். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், சூடானால் உடனே தெரியும். கோயிலில் பிரசாதமாகத் தரும் புற்றுமண்ணைப் பேப்பரில் மடித்தால் என்ன பொடியோ என்று சந்தேகம் வரும், கோயில் கொடுத்த பொட்டலத்தோடேயே பெரிய பெட்டியில் வைக்க வேண்டும். கைப்பையில் நூறு மில்லிக்கு மேல் பாட்டில் கூடாது என்ற கணக்கு வரும்போது மட்டும் அவருக்கே சிரிப்பு வந்துவிடும். இருநூறு மில்லி பாட்டிலின் அடியில் இருபது மில்லி ஷாம்பு ஒட்டிக்கொண்டிருக்கும். பாட்டில் பெரிசு என்பதால் குப்பைத்தொட்டியில் போடச் சொன்னதுண்டு. "பாட்டிலையா குடிக்கப் போறான்? எழுதினவன் வீட்டுல ஷாம்பு போடமாட்டான் போல," என்பார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முகம்மது யூசுப் வந்தார், கூடவே அவர் மனைவி ரசீதா. யூசுப் பஜாரில் தையல் கடையில் கட்டிங் மாஸ்டர். நாற்பத்திரண்டு வயது. வியாழக்கிழமை திருவனந்தபுரத்திலிருந்து சார்ஜாவுக்கு விமானம். நாலு நாள் முன்னதாகவே வந்தது இசக்கிசெல்விக்கு அதிசயமாக இருந்தது. கைப்பையைத் தூக்கினார். மறுபடி தூக்கினார். கையை விட்டுச் சத்துமாவு டப்பாவை வெளியே எடுத்தார்.

"எந்தச் சத்துமாவுல தம்பி இவ்வளவு சத்து இருக்கும்?"

யூசுப் தரையைப் பார்த்தார். ரசீதா புருஷனைப் பார்த்தார். அவருக்கே இது புதுச் செய்தி. இசக்கிசெல்வி மாவுக்குள் கையை விட்டு, பத்து அங்குலக் கத்திரிக்கோல் ஒன்றை உருவி எடுத்தார். கைப்பிடியில் துணி சுற்றி, கட்டைவிரல் பதிகிற இடம் தேய்ந்து பளபளவென்றிருந்தது.

"இத வச்சு நான் என்ன பிளேனையா வெட்டப் போறேன்? அபாயா அங்கி வெட்டப் போறேன்க்கா."

"நீ வெட்ட மாட்ட. எனக்குத் தெரியுது. மிஷின்ல ஒக்காந்திருக்க பிள்ளைக்கு எப்படித் தெரியும்? சரி, நல்லவன்னே ஒன்ன விட்டுட்டான்னு வையி. நீ பைய மேல வச்சிட்டுத் தூங்கிருவ. பக்கத்து சீட்டுக்காரன் எடுத்தான்னா?"

"ஏர்போர்ட்டுக்கு உள்ள கடையில கண்ணாடி பாட்டில்ல சென்ட்டு விக்கான். அத ஒடச்சாலும் குத்தும்லா?"

இசக்கிசெல்வி கத்திரிக்கோலில் ஒட்டியிருந்த மாவைத் துடைத்தார். "நல்லாத்தான் கேக்க தம்பி. இருபத்து மூணு வருஷமா நானும் யோசிச்சுப் பாத்துட்டேன்," என்றார். "ரூலு பூராம் சரின்னு நான் சொல்லலையே. ஆனா கத்திரிக்கோலு சரிதான். பேசாம பெரிய பெட்டியில போடு."

அங்கேதான் சிக்கல். ரசீதாதான் சொன்னார். ஐந்து வருஷத்துக்கு முன்னால் சவுதியில் தமாமுக்குப் போனபோது பெரிய பெட்டி ஐந்து நாள் தாமதமாக வந்ததாம். கத்திரிக்கோல் அதற்குள் மாட்டிக்கொண்டது. இறங்கிய மறுநாளே முதலாளி வேறொரு கத்திரிக்கோலைக் கையில் கொடுத்து வெட்டிக் காட்டச் சொல்லியிருக்கிறார். இவருக்குக் கை நடுங்கித் துணி கோணிப்போயிற்று. அவ்வளவுதான், இஸ்திரி போடுகிற இடத்துக்குத் தள்ளிவிட்டார்கள். இரண்டு வருஷம் இஸ்திரி போட்டுவிட்டு ஊர் திரும்பினார்.

"இந்த முதலாளியும் ஏர்போர்ட்ல இருந்து நேரா கடைக்கு வரச் சொல்லியிருக்காருக்கா," என்றார் ரசீதா. "ஒரு அபாயா வெட்டிக் காட்டணும். சரியில்லன்னா திருப்பி அனுப்பிருவாவ. இதுவும் போச்சுன்னா இனிமே இவுகள யாரு கூப்பிடுவா?"

யூசுப் தலையை நிமிர்த்தினார். "எந்தப் பக்கமா வச்சா மிஷின்ல தெரியாதுன்னு ஒங்களுக்குத் தெரியும்லாக்கா?"

"தெரியும்."

"அதச் சொல்லுங்க. ஒருத்தர்ட்டயும் மூச்சு விட மாட்டேன்."

"சொல்ல மாட்டேன் தம்பி. நீ மாட்டுனா ஒன் பிளேன் போயிரும். மாட்டாமப் போயிட்டா அந்தப் பிள்ளைக்கு வேலை போயிரும். நானும் அந்த நாற்காலியில இருந்தவதான்."

சொல்லிவிட்டாரே தவிர, அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பையில் இருந்ததையெல்லாம் திரும்ப அடுக்கிவைத்தார், கத்திரிக்கோலைத் தவிர. எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போனார். அங்கே பிளக்ஸ் பேனர் கடை வைத்திருக்கும் பாண்டிராஜ் இருந்தார். அவரிடமிருந்து பேனர் வெட்டுகிற கத்திரிக்கோலை வாங்கிக்கொண்டு, முழங்காலைப் பிடித்தபடியே திரும்பி வந்தார்.

"ஒன் கத்திரிக்கோலு பெரிய பெட்டியில போவட்டும். வந்தா வருது. வேற கத்திரிக்கோலக் கண்டா ஒன் கை பயப்படுது பாரு, அதத்தான் சரி பண்ணணும். இன்னும் நாலு நாளு இருக்கு. இதுல வெட்டிப் பழகு."

ரசீதா, டப்பாக்களைச் சுற்றக் கொண்டுவந்திருந்த பழைய வேட்டியை எடுத்து நீட்டினார். யூசுப் முனகிக்கொண்டே வெட்டினார். நேர்கோடு, வளைவு, அக்குள் வெட்டு எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. இசக்கிசெல்விக்குச் சந்தோஷம். "பாத்தியா, அருமையா ஓடுது."

யூசுப் சிரிக்கவில்லை. "இது பழந்துணிக்கா. கெட்டா கெட்டுட்டுப் போவுதுன்னு கை தாராளமாப் போவும். கெட்டுறக் கூடாதுன்னு ஒரு துணி இருக்கும்லா, அதுலதான் நடுங்கும்."

நியாயமான பேச்சுதான். இசக்கிசெல்வி கட்டில் விளிம்பில் உட்கார்ந்து யோசித்தார். பிறகு உள்ளே போனார். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. வெகுநேரம் மூடும் சத்தம் கேட்கவில்லை. ரசீதாவும் யூசுப்பும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வெளியே வந்தவர் கையில் அந்துருண்டை வாசத்தோடு ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் காக்கித் துணி, மடிப்புக் கலையாதது. படையில் அவருக்குக் கடைசியாகக் கொடுத்த யூனிபார்ம் துணி. தைக்கக் கொடுப்பதற்குள் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டதால் அப்படியே இருக்கிறது. பழைய யூனிபார்மையெல்லாம் ஒப்படைத்தாயிற்று. அந்த வேலையில் அவருக்கென்று மிஞ்சியிருப்பது இந்தத் துணி ஒன்றுதான்.

"அய்யோ, வேண்டாம்க்கா," என்றார் யூசுப்.

"இது கெட்டுச்சுன்னா வேற கெடையாது. அதனாலதான்."

துணியைக் கட்டில்மேல் விரித்து நடுவில் மடித்தார். மடிப்பை உள்ளங்கையால் ஒரு தடவை நீவினார். பேனர் கத்திரிக்கோலை யூசுப்பின் கையில் வைத்தார். அவர் விரல்கள் நடுங்கின. இசக்கிசெல்வி சுற்றிக்கொண்டு கட்டிலின் மறுபக்கம் போய், முழங்கால் வலியோடு தரையில் உட்கார்ந்து, வெட்டுவதற்குத் தோதாகக் காக்கியின் ஓரத்தை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டார்.