சேலையூரிலிருந்து ஓட்டி வந்த வண்டி

முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் மோட்டார் கிளெய்ம் பார்த்தவன் நான். மாடு குறுக்கே வந்தது, எதிரே வந்தவன் லைட் போடவில்லை, எங்கள் டிரைவர் குடிக்கவே மாட்டார் என்று தினமும் யாராவது எதிரில் உட்கார்ந்து பொய் சொல்வார்கள். நான் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பேன். பொய் சொல்கிறவனுக்கு விவரம் கூடிக்கொண்டே போகும். மாட்டின் நிறம் வரைக்கும் சொல்வான். நிறம் வந்ததும் பேனாவை மூடிவிடுவேன். என் பிரிவுபசாரக் கூட்டத்தில் பேசியவர்கள் எல்லாரும் இந்தக் கதையைத்தான் சொன்னார்கள். மாலையைக் கழற்றாமல் நானும் ரசித்துக் கேட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் சொல்லப்போவது முழுக்க என் மானம் போன கதை.

ரிட்டயர் ஆன பணத்தில் ஒரு பங்கைப் போட்டு, இரண்டே பேர் உட்காரக்கூடிய, மேற்கூரையை மடக்கி வைக்கிற, என் வயதுக்கு ஐந்து குறைவான பச்சை நிற ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினேன். என் மனைவி கணக்கு டீச்சர். அவள் கேட்டது ஒரே கேள்விதான்: பேரப்பிள்ளைகளை எங்கே உட்கார வைப்பது? பதில் இல்லாததால் எனக்குக் கோபம் வந்தது. இரண்டு வருஷத்தில் அந்தக் கார் போன அதிக தூரம் எங்கள் காலனி வாசலிலிருந்து சர்ச் வரை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வருகிறவர்கள் அதைச் சுற்றி நின்று போட்டோ எடுப்பார்கள். நான் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு, ஹைவேயில் இது பறக்கும் என்பேன். பக்கத்திலிருக்கும் கேம்ப் ரோட்டையே தாண்டாதவன் சொன்ன சொல் அது.

அது கொஞ்சம் இருமலும் புகையுமாகத்தான் ஓடியது. இந்த மாதிரிப் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை மட்டுமே பார்க்கிற ஒர்க்‌ஷாப் ஒன்று சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் தொழிற்கூடங்களுக்கு நடுவே இருப்பதாகக் கேள்விப்பட்டுப் பேசினேன். ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்றார் மெக்கானிக். அதோடு ஒரு நிபந்தனையும் போட்டார். ஓனரே வண்டியை ஓட்டி வர வேண்டும். எங்கே என்ன சத்தம், எந்த வேகத்தில் என்ன நடுக்கம் என்று வந்ததும் ஓனர் சொல்ல, அவர் எழுதிக்கொள்வார். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடுமாம். கட்டி இழுத்து வந்தாலோ லாரியில் ஏற்றி வந்தாலோ தொட மாட்டார், முறையும் அடுத்தவருக்குப் போய்விடும்.

என் மனைவியும் ஒரு நிபந்தனை போட்டாள். பம்மலில் கல்யாண மண்டபம் வைத்திருக்கும் ஒருவர் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கென்று இந்தக் காரை ரொம்ப நாளாக விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். வழியில் வண்டி நின்றால் அவருக்குக் கொடுத்துவிட வேண்டும், நிற்காமல் போய்ச் சேர்ந்தால் அவள் இனி அதைப்பற்றி வாயே திறக்க மாட்டாள். பச்சைக் காரின் மேல் சீரியல் லைட்டும் சாமந்திப் பூவுமாக ஒரு கணம் எனக்குத் தெரிந்தது. சரி என்றேன்.

காலையில் ஜெபம் செய்துவிட்டுக் கிளம்பினோம். தாம்பரம் வரை ராஜா மாதிரிதான் போனேன். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏறிய பிறகுதான் அந்தக் கார் எவ்வளவு தாழ்வு என்று புரிந்தது. லாரிகளின் சக்கர நட்டுகள் என் காதுக்கு நேராகச் சுழன்றன. பெருங்களத்தூரில் பின்னாலிருந்து ஒரு பஸ் ஹாரனை அழுத்திப் பிடித்தது. எஞ்சின் சூடு காட்டும் முள் பாதியைத் தாண்டி நகர்ந்த மாதிரி இருந்தது. அடுத்த நிமிஷம் வண்டி ஓரத்தில் இருந்தது. வண்டி நின்றுவிட்டது என்று மனைவியிடம் சொன்னேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். “நின்னுடுச்சா?” என்றாள். நின்றுவிட்டது என்றேன். அப்படியானால் பம்மல்காரரை வரச் சொல்லலாமா என்று கேட்டாள். ஆறு மாதம் காத்திருந்து கிடைத்த முறை, மெக்கானிக் ஒரு தடவை பார்க்கட்டும், சின்னக் குறை என்று சொன்னால் மன்னித்துவிடு என்று கெஞ்சினேன். சரி, அவர் என்ன சொல்கிறாரோ அதை வைத்து முடிவு செய்யலாம் என்றாள். ரெக்கவரி லாரிக்குப் போன் செய்தேன். வர ஒரு மணி நேரம் ஆயிற்று. காரை மேலே ஏற்றிக் கட்டிவிட்டு, டிரைவர் பக்கத்தில் நாங்கள் இருவரும் ஏறி உட்கார்ந்துகொண்டோம். உயரத்திலிருந்து பார்க்கும்போது ஜி.எஸ்.டி. ரோடு ரொம்ப சாதுவாகத் தெரிந்தது.

ஒர்க்‌ஷாப்புக்கு அரை கிலோமீட்டர் முன்னாலேயே, மரத்தடியில் காரை இறக்கச் சொன்னேன். அப்போதுதான் என் திட்டம் மனைவிக்குத் தெரிந்தது. சாவியைத் திருப்பினேன். முதல் திருகலிலேயே எஞ்சின் உறுமிக்கொண்டு எழுந்தது. லாரி டிரைவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“இன்னா சார், வண்டி ஜோராத்தான கீது? பின்ன இன்னாத்துக்கு ஏத்துன?”

சூடு ஆறிவிட்டதால் எடுத்துக்கொண்டது என்று அவருக்கு விளக்கம் சொன்னேன். கூலியைக் கொடுத்து அவரை அனுப்பிவிட்டு, மட்கார்டுக்கு அடியில் விரலை விட்டுக் கொஞ்சம் கிரீஸ் எடுத்து இரண்டு கையிலும் தடவிக்கொண்டேன். தலையைக் கலைத்துவிட்டுக்கொண்டேன். அறுபதைத் தாண்டிய மனுஷன் செய்கிற காரியமா இது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது, என் கிளெய்ம்காரர்களைவிட நான் எவ்வளவு கெட்டிக்காரன் என்றுதான் தோன்றியது.

மெக்கானிக்குக் கிட்டத்தட்ட என் மகன் வயது. ஷெட்டுக்குள் நான்கைந்து கார்கள் துணி போர்த்திக்கொண்டு நின்றன. எங்களுக்கு ஸ்டூல் போட்டுவிட்டு நோட்டைத் திறந்து, சொல்லுங்க சார் என்றார். சொன்னேன். வண்டலூர் தாண்டியதும் இடது பக்கம் கடகட சத்தம். ஊரப்பாக்கத்தில் ஸ்டியரிங் நடுக்கம். அவர் எழுத எழுத எனக்கு உற்சாகம் ஏறியது. கூடுவாஞ்சேரியில் புகை, அதுவும் நீலம் கலந்த வெள்ளைப் புகை என்றேன். சொன்ன வாயை மூடவில்லை, எனக்கே உறைத்தது. நிறம் வந்துவிட்டது.

என் மனைவி தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வகுப்பில் பிள்ளைகள் தப்பாகப் போடுகிற கணக்கையும் கடைசி வரி வரை போட விடுகிறவள் அவள்.

மெக்கானிக் எழுந்து போய் பானெட்டைத் திறந்தார். ரேடியேட்டர் மேல் உள்ளங்கையை வைத்தார். எடுக்கவே இல்லை. இருபது கிலோமீட்டருக்கு மேல் ஓடி வந்த வண்டியாக இருந்தால் கை வெந்திருக்கும். எத்தனை ஆயிரம் ஃபைல் பார்த்தவன், எஞ்சின் சூடாக இருக்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அவர் கோபப்படவில்லை. நோட்டில் எழுதியதை எல்லாம் ஒரே கோடாக அடித்தார்.

“இப்ப நெஜமா சொல்லுங்க சார். வண்டி எங்க நின்னுச்சு?”

“பெருங்களத்தூர்ல.”

“நின்னுச்சா, நிறுத்துனீங்களா?”

இதே கேள்வியை வேறு வேறு வார்த்தையில் எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறேன். பதிலுக்கு முன்னால் வருகிற மௌனம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். உள்ளே இருந்து பார்த்ததுதான் இல்லை. நின்றது என்று சொன்னால் கார் பம்மலுக்குப் போய்விடும். நிறுத்தினேன் என்றால், இரண்டு வருஷமாக சர்ச் வாசலில் சாவி சுழற்றியவன் ஒரு பஸ் ஹாரனுக்குப் பயந்தவன் என்பது மனைவிக்குத் தெரிந்துவிடும். காரை இழந்தாலும் பரவாயில்லை, இது தெரியக் கூடாது என்றுதான் காலையிலிருந்து தவித்திருக்கிறேன் என்பது அந்த ஸ்டூலில்தான் எனக்கே புரிந்தது. அவ்வளவு ஆசைப்பட்டு வாங்கிய வண்டியைவிட என் வீராப்பு எனக்குப் பெரிதாக இருந்திருக்கிறது. அதுதான் பெரிய வெட்கம்.

“நிறுத்தினேன்,” என்றேன். “எனக்குப் பயமா இருந்துச்சு.”

மெக்கானிக் நோட்டில் ஏதோ எழுதினார். தலைகீழாக இருந்ததால் எனக்குப் படிக்க முடியவில்லை. என் மனைவி எட்டிப் பார்த்து, சத்தமாகவே படித்தாள்: “குறை: ஓனருக்குப் பயம்.” நாளைக்குச் சனிக்கிழமை, வேறு யாருக்கும் முறை இல்லை, இப்போது வீட்டுக்கு ஓட்டிப் போங்கள், நாளைக் காலையில் ஓட்டியே வாருங்கள், அப்புறம் சத்தத்தைப் பற்றிப் பேசுவோம் என்றார் அவர்.

வெளியே வந்ததும், பம்மல்காரருக்குப் போன் செய்யட்டுமா என்று நானே கேட்டேன்.

“எதுக்குங்க? வண்டிதான் நிக்கலியே,” என்றாள்.

ஸ்டேஷனில் விடுகிறேன், டிரெயினில் போய்விடு, நான் மட்டும் எப்படியாவது ஓட்டி வருகிறேன் என்றேன். அவள் புடவைத் தலைப்பை இழுத்துத் தலையைச் சுற்றி முடிந்துகொண்டு, இடது பக்கக் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தாள். அந்தக் காரில் சீட் பெல்ட் கிடையாது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.