பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லிப் போன பயணம்

மச்சாளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். என் கணவரின் அக்கா அவர். குச்சவெளிப் பக்கம் எங்கள் பின்வேலியோடு அவருடைய வீடு.

எங்கள் ஊர் மண்டபத்தில் சுகாதாரப் பிரிவினர் எச்.ஐ.வி. பற்றிக் கதைத்துவிட்டு, வீட்டிலேயே செய்து பார்க்கிற சோதனைப் பெட்டிகளைக் கொடுத்தார்கள். மகள் வயிற்றில் இருந்தபோதே எனக்கு அந்தச் சோதனை முடிந்திருந்தது. மச்சாள் தனியே கை நீட்டக் கூச்சப்படுவார் என்றுதான் நானும் ஒன்று வாங்கினேன்.

அடுத்த நாள் அவருடைய குசினியில், அடுப்பங்கரையில் உட்கார்ந்து, குச்சியால் ஈறில் தடவி அவருடைய பெட்டியில் செய்து பார்த்தோம். இரண்டு கோடுகள் விழுந்தன; கிருமி இருக்கக்கூடும் என்று அர்த்தம்.

"காலமை பொரிச்ச மீன் திண்டனான். அதுதான்," என்றார்.

பின்னேரம், ஒன்றும் சாப்பிடாமல் இருந்து, என்னுடைய பெட்டியிலும் செய்தார். அதிலும் இரண்டு கோடுகள்.

பிறகு நான் ஆஸ்பத்திரிக் கதையை எடுத்தாலே, "தெரிஞ்சு போச்சுத்தானே. இனி அங்க போய் என்னத்தைக் கேக்கிறது?" என்பார். இது முடிவு இல்லை, இரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் உறுதி. கிருமி இருந்தாலும் இலவசமாகக் குளிசை தருவார்கள், ஒழுங்காகப் போட்டால் சுகமாக இருக்கலாம், பிள்ளையும் பெறலாம் என்று மண்டபத்தில் கேட்டதையெல்லாம் சொன்னேன். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து தவித்தேன். பிள்ளை இல்லாதவருக்கு முன்னால் அந்தப் பேச்சை எடுத்திருக்கக் கூடாதோ?

இரண்டு நாள் கழித்து வேலிக்கு மேலால் கேட்டார். "பிள்ளை பெறலாமெண்டு மெய்யாத்தான் சொன்னவையோ?"

"ஓம் மச்சாள். டொக்டரிட்டையே கேளுங்கோவன்."

"பஸ்ஸில கேப்பினமே."

அதுதான் பெரிய தடை. எங்கள் ஊரில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவரிடம் என்ன நோய், என்ன வருத்தம் என்று கேட்காமல் விடமாட்டார்கள். கேட்காவிட்டால் அக்கறை இல்லை என்று ஆகிவிடும். கடைசியில் என் மகளுக்குக் காய்ச்சல் என்று சொல்வதாக முடிவெடுத்தோம். சுகமாக இருக்கிற பிள்ளைக்கு வருத்தம் சொன்னால் வந்துவிடுமோ என்று எனக்குப் பயம். படித்தவள்தான். என்றாலும் புறப்பட முன் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டேன்.

பஸ்ஸில் முன் இருக்கையில் இருந்தவர் எங்கள் ஒழுங்கை முனையில் மீன் விற்கிற அக்கா. திரும்பினார்.

"எங்க பயணம்?"

"பிள்ளைக்குக் காய்ச்சல் அக்கா. ஆஸ்பத்திரிக்கு."

கையை நீட்டி மகளின் நெற்றியைத் தொட்டார். "இதென்ன, குளுகுளுவெண்டு கிடக்கு."

"காலமைதான் விட்டது."

"விட்டிட்டுதெண்டால் பிறகேன் அங்க? இறங்கி வீட்ட போங்கோ. அங்க போனால்தான் காய்ச்சல் வரும்."

மகள் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். மச்சாள் மகளை என் மடியிலிருந்து தூக்கித் தன் மடியில் வைத்தார்.

"பிள்ளைக்கு ஒண்டுமில்லை அக்கா. எனக்குத்தான் காட்டப் போறம்."

"உனக்கென்ன?"

"அதைத்தான் டொக்டரிட்டைக் கேக்கப் போறன்."

அந்த அக்கா, "காட்டு, காட்டு. வருத்தத்தை வச்சுக்கொண்டு இருக்கிறதே?" என்று முன்னால் திரும்பிக்கொண்டார். அதற்கு மேல் கேட்கவில்லை. நாங்கள் பயந்த கேள்வி அவ்வளவோடு முடிந்தது.

ஆஸ்பத்திரியில் மச்சாள் தனியே உள்ளே போனார். இரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்தபோது கிருமி இருப்பது உறுதியானது. அன்று அழுதார். ஆனால் பிள்ளை பெறலாமா என்று டொக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் அழுதாராம். குளிசை போட்டுக் கிருமி அடங்கினால் பெறலாம் என்று அவர் சொன்னாராம். நான் சொன்னதும் அதுதான், ஆனால் டொக்டர் சொன்னால்தானே நம்பிக்கை.

இப்போது ஒவ்வொரு நாளும் குளிசை போடுகிறார். தன் கணவரிடமும் சொல்லிவிட்டார். அவர் கடற்கரைக்குப் போய், பொழுதுபடத் திரும்பி வந்து, "நானும் இரத்தம் குடுக்கத்தானே வேணும்? எப்ப போவம்?" என்று கேட்டாராம்.

திங்கட்கிழமை போகிறார்கள். நானும் வரட்டோ என்று கேட்டேன்.

"நீ பிள்ளையைப் பார். நாங்கள் போயிட்டு வாறம்," என்றார் மச்சாள்.