ராஜா ஊற்றுக்கு இறங்கிப் போனார்

இரண்டாயிரமாம் ஆண்டுக் கோடையில் என் டிகிரிக்கு ஒரே ஒரு பாடம் பாக்கி. ஆஸ்டினுக்குப் பக்கத்தில் ரவுண்ட் ராக் என்ற ஊரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி வேலை கொடுத்துவிட்டது. டிகிரி இல்லாமல் சேர முடியாது. சுலபமான பாடம் என்று யாரோ சொன்னதை நம்பி, பழைய இஸ்ரவேலரின் மதம் பற்றிய வகுப்பில் சேர்ந்திருந்தேன்.

தண்ணீரும் அரசாட்சியும் என்று பேப்பர் எழுதச் சொன்னார் பேராசிரியை. எதையும் படிக்காமல் எழுதித் தள்ளினேன். கூத்தில் ராஜா மேடைக்கு வந்ததும் மந்திரியிடம் மாதம் மும்மாரி பெய்கிறதா என்று கேட்பாரே, அந்தக் கதைதான் அங்கேயும்; ராஜா நல்லவரென்றால் மழை தானாக வரும் என்று ஐந்து பக்கம்.

பேப்பர் சிவப்பு மையோடு திரும்பி வந்தது. இது உங்கள் ஊர் ராஜா, மழை தங்கள் ராஜாவின் கையில் இருந்ததாக இஸ்ரவேலர் நம்பவில்லை, திங்கட்கிழமை என் அறைக்கு வந்து நேரில் விளக்கவும், இல்லாவிட்டால் ஃபெயில் என்று எழுதியிருந்தார்.

நியூஜெர்சியிலிருந்து அம்மா போனில் கத்தினாள். "உன்ன யாருடா அந்த கிளாஸ எடுக்கச் சொன்னா? வேலை கெடச்சிடுச்சுன்னு ஐசலின்ல இருக்கற ஆன்ட்டி வரைக்கும் சொல்லி வெச்சிருக்கேன்!"

ரூம்மேட் அதைவிட மோசம். "கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சுட்டு ராஜாகிட்ட மாட்டிக்கிட்டவன் நீ ஒருத்தன்தான் மச்சி."

சனிக்கிழமை முழுக்கப் படித்தேன். எருசலேமில் அரண்மனை மேட்டில் இருக்கிறது. ஊருக்கு உயிரான கீகோன் ஊற்றோ கீழே பள்ளத்தாக்கில். கிழட்டு ராஜாவின் மகனைக் கோவேறு கழுதையில் ஏற்றி, அந்த ஊற்றுக்கு இறக்கிக்கொண்டு போய், அங்கே வைத்துத் தலையில் எண்ணெய் ஊற்றி ராஜாவாக்குகிறார்கள். பிறகுதான் மேலே ஏறிப் போய்ச் சிம்மாசனத்தில் உட்காருகிறான். பெருவெள்ளத்தின் மேல் சிம்மாசனம் போட்டு உட்கார்ந்திருப்பவர் கடவுள் மட்டும் என்கிறது அவர்களுடைய பாட்டு ஒன்று. படித்தேன், மண்டையில் ஏறவில்லை. மேட்டிலேயே எண்ணெயை ஊற்றினால் என்ன குறைந்துவிடும்?

ஞாயிறன்று ரூம்மேட் என்னை இழுத்துக்கொண்டு ஆஸ்டினுக்கு டிரைவ் பண்ணினான். மழையில்லாத கோடை. வழியெல்லாம் வீட்டு வாசல் புல் வைக்கோலாகக் கிடந்தது. ஊருக்கு நடுவே ஊற்று நீர் நிறைந்த ஒரு பெரிய குளம். குதித்தேன். குளிரில் மூச்சே நின்றுபோயிற்று.

"பாறைக்கு அடியிலேர்ந்து வருதுடா, உள்ள போய்ப் பாரு" என்றான்.

முங்கிப் போனேன். பாறையில் ஒரு கிழிசல். உள்ளங்கையை வைத்தேன். தண்ணீர் என் கையைத் தள்ளியது. மேலே ஊரே காய்கிறது. இது யாரையும் கேட்காமல், யார் ஆண்டாலும், வந்துகொண்டே இருக்கிறது. திரும்பத் திரும்ப முங்கிக் கையை வைத்தேன். உடம்பெல்லாம் சிலிர்த்தது, குளிரால் மட்டும் இல்லை.

திங்கட்கிழமை பேராசிரியையிடம் என் பேப்பர் தப்பு என்றுதான் ஆரம்பித்தேன். தன்னால் உண்டாக்க முடியாத ஒன்றின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தித்தான் அந்த மகனை ராஜாவாக்குகிறார்கள், அதைப் பார்க்காமல் அவன் மேலே ஏறக் கூடாது என்று சொன்னேன். குளத்தில் கை வைத்ததையும் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு ஒரு புத்தகத்தைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினார். எருசலேம் கோயிலின் முற்றத்தில் வெண்கலத்தால் ஒரு பிரம்மாண்டமான தொட்டி. பெயரே கடல். அதைப் பன்னிரண்டு வெண்கல எருதுகள் முதுகில் தாங்குகின்றன. பள்ளத்தாக்கில் ஊற்று, மேட்டில் கடவுளின் வாசலில் கட்டுண்டு கிடக்கிற கடல். நடுவில், கழுதை மேல், ராஜா எத்தனை சின்ன ஆள்! எழுந்து வரவே மனமில்லை.

கீழே ரூம்மேட் காரோடு காத்திருந்தான். "பாஸா, ஃபெயிலா?"

"பன்னெண்டு எருதுடா. அது முதுகுல ஒரு கடலையே வெச்சிருக்காங்க."

"டேய், பாஸா ஃபெயிலாடா?"

"கேக்க மறந்துட்டேன்டா."

"லூசு! வேலை போயிடும்டா, ஓடு!" என்று இன்ஜினை நிறுத்தினான்.

மூன்று மாடி ஏறினேன். பேராசிரியை இன்னும் அந்தப் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கிரேடு என்னவென்று கேட்டேன்.

தலையைத் தூக்காமலே, "பி பிளஸ்" என்றார்.