மலை ரூட்டுக்கு வந்த எலக்ட்ரிக் கார்

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். அத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, கொஞ்சம் சங்கடமான இடமும் இதில் வரும். அவரிடம் கேட்டுவிட்டேன், "எழுதிக்கோ" என்று சொல்லிவிட்டார்.

டீசல் வாசனை... அதுதான் முதலில் ஞாபகம் வருகிறது. அத்தா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அந்த வாசனை சமையலறை வரை வந்துவிடும். பக்கத்தில் உள்ள ஒரு ஷூ கம்பெனியில் அவர் வேன் டிரைவர். விடிவதற்குள் கல்வராயன் மலை ஏறி, அங்கிருந்து தையல் வேலைக்கு வரும் மூன்று அக்காக்களை ஷிப்ட்டுக்கு முன் கொண்டுவந்து சேர்க்க வேண்டும்.

நான் ஒன்பதாவது படிக்கும்போது, கம்பெனி வேன்களை நிறுத்திவிட்டு எலக்ட்ரிக் கார்கள் வாங்கியது. டவுன் ரூட்டில் சிக்கல் இல்லை. மலை ரூட்டில்தான் சந்தேகம்.

"அடிவாரத்துக்குத் திரும்பி வர்றப்ப பாதி சார்ஜாவது இருக்கணும் பாய். அதே கார்தான் அடுத்து டவுனுக்குப் போவணும். இல்லன்னா மலை ரூட்ட எடுத்துடுவாங்க" என்றார் டிரான்ஸ்போர்ட் சூப்பர்வைசர்.

எடுத்துவிட்டால் அக்காக்கள் பஸ்ஸில் வர வேண்டும். முதல் பஸ் கீழே வருவதற்குள் ஷிப்ட் ஆரம்பித்துவிடும். மூன்று பேருக்கும் வேலை போய்விடும்.

அப்போது எனக்குக் காலாண்டு லீவு. சோதனை ஓட்டத்துக்கு என்னையும் கூட்டிப் போனார் அத்தா.

"நான் ரோட்டத்தான் பாப்பேன். ஸ்கிரீன்ல இன்னா வருதோ அத்தினியும் நீ எழுதிக்கினு வா."

நோட்டில் கட்டம் போட்டேன். இடம், சார்ஜ்... ஸ்கிரீன் ஓரத்தில் ஓர் ஆங்கில எழுத்தும் இருந்தது. எதற்கென்று தெரியாது. அதற்கும் ஒரு கட்டம்.

கச்சிராயபாளையம் தாண்டியதும் ஏற்றம். டயரில் சருகு நொறுங்குவதுகூடக் கேட்டது. எண்பத்திரண்டு, எழுபது, அறுபது... மேலே போனபோது ஐம்பத்தொன்று.

"இன்னா பாய், பூன மாரி வந்து நிக்கிறீங்க? நான் தலகூட வாரல" என்று சொல்லிக்கொண்டே ஏறினார் பொன்னி அக்கா. பின்னாலேயே மற்ற இரண்டு அக்காக்களும்.

இறக்கத்தில் ஐம்பத்தொன்று... ஐம்பது... அடிவாரத்தில் நாற்பத்தெட்டு. பின்சீட்டிலிருந்து மூன்று தலைகளும் ஸ்கிரீனை எட்டிப் பார்த்தன.

பைக்கோடு காத்திருந்த சூப்பர்வைசர் என் நோட்டை வாங்கினார். அவர் விரல் கட்டங்களின் மேல் இறங்கி, ஓரிடத்தில் நின்றது.

"பாய், இன்னாங்க இது? எறக்கம் பூரா N-னு இருக்கு?"

அத்தா பிடரியைத் தடவினார். "நியூட்ரல் சார். எறக்கத்துல அப்டித்தான் வுடுவேன். டீசல் மிச்சமாவும்."

"இதுல டீசல் எங்கங்க இருக்கு? ஆள ஏத்திக்கினு மலை ரோட்டுல நியூட்ரலா? மேல சொன்னா உங்க வேலையே போயிடும்!"

அந்த எழுத்தை எழுதியவள் நான்தானே.

"வுடுங்க சார், இருவது வருசமா பழகின கை" என்றார் பொன்னி அக்கா. "நாளைக்கு நாங்க பாத்துக்கிறோம்."

சூப்பர்வைசர் நோட்டை மூடினார். "கியர்ல எறங்குனா சக்கரம் சுத்துறதுலயே பேட்டரிக்கு சார்ஜ் ஏறும். நியூட்ரல்ல ஏறாது. நாளைக்கு ஒரே ஒரு வாட்டி. அதான் கடைசி."

வீட்டுக்கு வரும் வழியில், "கோவமா அத்தா?" என்று கேட்டேன்.

"N போட்டது நானு. நீ வேற இன்னாத்த எழுதுவ?" என்றார்.

அன்று மத்தியானம் என் பழைய சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, டைனமோவைச் சக்கரத்தோடு ஒட்டவைத்துச் சுற்றிப் பார்த்தேன். விளக்கு எரிந்தது, சக்கரம் கனத்தது. டைனமோவை விலக்கினால் சக்கரம் லேசாக ஓடியது, விளக்கு இல்லை. நியூட்ரல் என்றால் என்னவென்று அப்போதுதான் புரிந்தது!

மறுநாளும் மேலே ஐம்பத்தொன்று. இறக்கத்தில் மூன்று அக்காக்களும் அத்தாவின் இடது கையையே பார்த்துக்கொண்டு வந்தார்கள். முதல் வளைவிலேயே அது தானாகக் கியர் பக்கம் கிளம்பியது.

"பாய், கை போவுது! கை போவுது!"

அத்தா சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். ஐம்பத்திரண்டு. இன்னொரு வளைவு, ஐம்பத்து மூன்று. வாய்ப்பாடு மாதிரி பின்சீட்டில் எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். அடிவாரத்தில் ஐம்பத்தாறு!

சூப்பர்வைசர் என் நோட்டிலேயே கையெழுத்துப் போட்டார். முதல் நாள் விஷயத்தை மேலே சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. அத்தாவை யாரும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை.

இப்போது நான் பிளஸ் ஒன். மலை ரூட் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அப்போதெல்லாம் மூன்று வளைவுக்குக் கீழே வேன் உறுமும்போதே பொன்னி அக்கா வீட்டைப் பூட்டத் தொடங்குவாராம். இப்போது அத்தா முன்கூட்டியே போன் அடிக்க வேண்டியிருக்கிறது.

வேனை நிறுத்தினால் ஒரு குலுக்கு குலுக்கி அடங்கும். நின்றுவிட்டது என்று உடம்புக்கே தெரியும். இந்தக் கார் ஓடும்போதும் அமைதி, நின்றாலும் அமைதி. நேற்றுச் சாயங்காலம் நானும் கூடப் போயிருந்தேன். அக்காக்களை மேலே விட்டுவிட்டு வந்து கம்பெனி ஷெட்டில் காரை நிறுத்திய அத்தா, இறங்காமல் உட்கார்ந்திருந்தார். ஸ்கிரீனையும் முன்னால் சுவரில் விழுந்த வெளிச்சத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சுவிட்சை அழுத்தினார். விளக்குகள் அணைந்தன.