அஞ்சலையா, மரியம்மாளா?

"1926, தைப்பூசத்துக்கு மறுநாள். பத்து காவான் தோட்டத்து மருத்துவச்சி. சான்றிதழில் வேறு பெயர்." என் நாட்குறிப்பில் இவ்வளவுதான் இருக்கிறது.

அப்போது தீவு நகரமான ஜார்ஜ் டவுனில் ஓர் அரசு அலுவலகத்தில் மருத்துவச்சிகளின் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தேன். சம்பான் படகில் வந்திறங்கிய அந்தப் பெண் தன் பெயர் மரியம்மாள் என்றார். கப்பலேறும் முன் ஊரில் படித்துவிட்டு வாங்கிய சான்றிதழில் அஞ்சலை என்றிருந்தது.

"கல்யாணத்துக்கு ஞானஸ்நானம் எடுத்தப்போ சாமியார் வெச்ச பேரு, தம்பி. பேருதான் மாறுச்சு, கை அதே கைதான்."

என் மேலதிகாரியான பெரிய கிராணி எட்டிப் பார்த்தார். "ரெண்டு பேருன்னா ரெண்டு ஆளு லா. தள்ளிடு."

தள்ளினால் அந்தத் தோட்டத்தில் பிரசவம் பார்க்க வேறு ஆளில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"மாதா கோயில்ல உங்கள சவரிமுத்துங்கிறாங்க. வீட்டுல ராசுங்கிறாங்க. நீங்களும் ரெண்டு ஆளா ஐயா?"

பக்கத்து மேசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். பெரிய கிராணியின் முகம் சிவந்தது.

"நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நான் பொறுப்பில்ல."

"நான் பொறுப்பு" என்றேன்.

அந்தப் பெண் படித்த மருத்துவமனைக்கு விசாரித்து எழுதினேன். பதில் வரும்வரை அவர் தொழில் செய்யலாம் என்று குறிப்பெழுதி, கீழே என் பெயரை முழுதாகப் போட்டேன். அதற்குப் பிறகு எனக்குப் பதவி உயர்வே கிடைக்கவில்லை. இருக்கட்டும். எனக்குத் தெரியாத ஒன்றைப் பொய் என்று எழுத மறுத்தேன், இன்றைக்கும் மறுப்பேன்.

பதில் வரவேயில்லை. அஞ்சலையும் மரியம்மாளும் ஒருவர்தான் என்பது இன்னும் உறுதி செய்யப்படவில்லை. அந்த அனுமதியை நான் திரும்பப் பெறவும் இல்லை.