குறை போர்டில் இல்லை

வேலூரில் நான் வேலை பார்க்கும் ஆபீஸில் பத்து பேர்கூட இல்லை. இருந்தாலும் முதலாளியை எம்.டி. என்றுதான் கூப்பிட வேண்டும். டேனரிகளில் பதனிடத் தோலைப் போட்டுச் சுற்றும் பெரிய மர டிரம்களை, ஒரே அறையில் உட்கார்ந்து ஓட்டவும் நிறுத்தவும் கம்ப்யூட்டர் வைத்துக் கொடுப்பது எங்கள் தொழில். ஒவ்வொரு டிரம் பக்கத்திலும் ஒரு சின்ன போர்டு மாட்டியிருப்போம். கம்ப்யூட்டர் சொல்வதை அந்த போர்டுக்குப் புரிகிற மாதிரி எடுத்துச் சொல்லும் நிரலுக்கு டிரைவர் என்று பெயர். அதுதான் என் பொறுப்பு.

அந்த நிரலில் பல வருஷமாகக் கம்ப்யூட்டரை ‘மாஸ்டர்’ என்றும் போர்டுகளை ‘ஸ்லேவ்’ என்றும் எழுதி வைத்திருந்தார்கள். எஜமான், அடிமை. எங்கள் ஆபீஸ் மட்டுமில்லை, உலகம் முழுக்க அப்படித்தான் எழுதினார்கள். இப்போது ஒவ்வொருவராக மாற்றி வருகிறார்கள். எங்களிடம் இந்த நிரலை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியும் மெயில் அனுப்பியது: இனிமேல் ‘கன்ட்ரோலர்’, ‘டார்கெட்’ என்றே இருக்க வேண்டும், நிரலில் மட்டுமல்ல, கமெண்டிலும்.

கமெண்ட் என்பது நிரலுக்கு நடுவே மனிதர்களுக்காக எழுதும் குறிப்பு. மெஷின் அதைப் படிக்காமல் தாண்டிப் போய்விடும். பின்னால் வேலைக்கு வருகிறவர்தான் படிப்பார்.

“ஃபைண்ட் ரீப்ளேஸ் போடும்மா. டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சிடும்,” என்றார் எம்.டி.

டீ ஆறும் நேரத்தில் முடியாது என்று அவருக்கும் தெரியும். சில பெயர்களை வெளியே இருக்கும் வேறு நிரல்கள் கூப்பிட்டுக்கொண்டிருக்கும். அவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் டேனரியில் எல்லாம் அப்படியே நின்றுபோகும். ஆகவே நான் ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டே போனேன். பாதிக்கு மேல் போனபோது அந்த வரி வந்தது.

எங்கள் ஆபீஸில் அந்த வரியைத் தெரியாதவர் கிடையாது. போர்டுக்கு அனுப்பும் ஒவ்வொரு கட்டளையையும் நிரல் இரண்டு தடவை அனுப்பும். அதைச் செய்யும் இடத்துக்கு மேலே, இப்போது பெங்களூருக்குப் போய்விட்ட ஒரு சீனியர், இங்கிலீஷ் எழுத்தில் தமிழில் எழுதியிருந்தார்: ‘ரெண்டு தடவ சொன்னாத்தான் கேக்கும். டேனரி ஆளுங்க மாதிரி.’

புதிதாக யார் வேலைக்குச் சேர்ந்தாலும் அதைக் காட்டிச் சிரிப்பார்கள். எனக்கும் காட்டினார்கள். என் அப்பா ஆம்பூரில் டிரம் ஷெட்டில் வேலை செய்கிறவர் என்பது அப்போதே எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் காட்டினார்கள். டிரம் சுற்றும் ஷெட்டுக்குள் ஒரு நிமிஷம் நின்று பார்த்திருந்தால் அங்கே யாருக்கும் முதல் தடவையில் எதுவும் காதில் விழாது என்று புரிந்திருக்கும். சிரித்தவர்களில் ஒருவர்கூட நின்றதில்லை.

நான் எம்.டி.யின் அறைக்குப் போனேன். “சார், இந்தக் கமெண்ட்டையும் எடுக்குறேன்,” என்றேன்.

அவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். “இதுல மாஸ்டரும் இல்ல, ஸ்லேவும் இல்லியே. கஸ்டமர் கேட்டத மட்டும் செய்.”

“கஸ்டமருக்குத் தமிழ் தெரியாது சார். தெரிஞ்சிருந்தா இதத்தான் முதல்ல எடுக்கச் சொல்லியிருப்பாங்க.”

“ஒரு ஜோக்குக்குப் போயி இன்னாம்மா நீ? மெஷின் இதப் படிக்கப் போவுதா?”

“மெஷின் படிக்காது சார். நான் படிக்கிறேன்.”

“உன்னச் சொல்லலம்மா. நீ இன்ஜினியர்.”

“எங்கப்பாவச் சொல்லியிருக்காரே சார்.”

அவருக்குச் சிரிப்பு போய்விட்டது. கெட்டவர் இல்லை. மனசு சங்கடப்பட்டால் உடனே வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். “சரி, அத எடுத்துட்டு இன்னா எழுதுவ? ரெண்டு தடவ ஏன் அனுப்புறோம்னு காரணம் எழுதணுமில்ல?” என்று கேட்டார்.

காரணம் எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. பெங்களூருக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். “அந்த போர்டுங்க அப்படித்தான் சார். மக்கு,” என்றார் சீனியர். இத்தனை வருஷமாக எங்களிடம் இருந்த விளக்கம் அவ்வளவுதான். மக்கு என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும், அதற்குமேல் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். எனக்கு வந்த கோபத்தில் என் நாற்காலிக்குத் திரும்பி, போர்டுகள் எப்போது கேட்காமல் போகின்றன என்று பார்க்கப் பழைய புகார் மெயில்களை எல்லாம் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஆம்பூர் பக்கத்து டேனரி ஒன்றிலிருந்துதான் புகார் அதிகம். ஓடு என்றால் டிரம் ஓடுவதில்லை, சில சமயம் நிறுத்து என்றாலும் நிற்பதில்லை. எங்கள் ஆட்கள் இரண்டு மூன்று முறை போய்க் கம்ப்யூட்டர் அறையில் மட்டும் பார்த்து, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, அங்கே இருப்பவர்களுக்கு ஓட்டத் தெரியவில்லை என்று எழுதிவிட்டு வந்திருந்தார்கள். சுவரில் சிவப்பு பட்டன் இருக்கிறது, அதை அமுக்கினால் நின்றுவிடும் என்று ஒரு சமாதானம் வேறு. டிரம் நிற்காத நேரத்தில் அதன் முன்னால் நிற்பது எம்.டி. இல்லை, என் அப்பா மாதிரி ஒருவர்.

மெயில்கள் வந்த கிழமையைப் பார்த்தேன். ஏறக்குறைய எல்லாமே வெள்ளிக்கிழமை பிற்பகல்.

வெள்ளிக்கிழமை என்றால் என்ன என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சின்ன வயதில் வாரத்தில் அந்த ஒரு நாள்தான் அப்பா மத்தியானம் வீட்டுக்கு வந்து எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவார். ஜும்மா தொழுகைக்காக டிரம்களை நிறுத்திவிடுவார்கள். தொழுகை முடிந்ததும் எல்லா டிரம்மையும் ஒன்றாகக் கிளப்புவார்கள். மற்ற நாட்களில் ஒவ்வொன்றும் தோல் ஏற்றும் நேரத்தைப் பொறுத்துத் தனித்தனியாகத்தான் கிளம்பும். எங்கள் ஆட்களோ எப்போதும் திங்கள், செவ்வாய் காலையில் போய்விட்டு வெயிலுக்கு முன் திரும்பிவிடுகிறவர்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை, கம்பியில் ஓடும் சிக்னலைப் படமாகக் காட்டும் ஸ்கோப்பைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். டேனரி சூப்பர்வைசர் தொழுகை முடிந்து தொப்பியை மடித்துச் சட்டைப்பையில் வைத்தபடி வந்தார்.

“வெள்ளிக்கிழமதாம்மா ஜாஸ்தி. ஒரே பேஜாரு. உங்க ஆளுங்க வந்தா மட்டும் நல்லா ஓடும். நாங்க பொய் சொல்றோம்னு நெனச்சிக்கினாங்க,” என்றார்.

டிரம்கள் ஒன்றாகக் கிளம்பின; ஒன்று மட்டும் அசையவில்லை. ஸ்கோப்பின் திரையில், அதற்குக் கம்ப்யூட்டர் அனுப்பிய கட்டளை நேராகக் கிளம்பிப் பாதியிலேயே சிதறியது. உடனே அனுப்பிய இரண்டாவதும் சிதறியது. தலையைத் தூக்கிப் பார்த்தேன். கூரையோடு ஒரே ஒரு பிளாஸ்டிக் பைப். தரையோரம் வயர் போட்டால் உப்பும் சுண்ணாம்புத் தண்ணீரும் அரித்துவிடும் என்று, மோட்டார் கேபிளையும் எங்கள் சிக்னல் வயரையும் அந்த ஒரே பைப்பில் திணித்திருந்தார்கள். அப்படிப் போடச் சொன்னது எங்கள் ஆபீஸ். இத்தனை மோட்டார்கள் ஒரே நேரத்தில் கிளப்பும் மின் இரைச்சலில் பக்கத்து வயரில் போகிற எதுவும் உருப்படியாகப் போய்ச் சேராது. போர்டுக்குக் கட்டளை வந்தால்தானே அது கேட்கும்?

எனக்கு அந்த இடத்திலேயே சந்தோஷமும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. சூப்பர்வைசரிடம் திரையைக் காட்டி, “தப்பு எங்களுதுதான் பாய்,” என்றேன். அவர் டீ வாங்கிவரச் சொல்லிவிட்டு, “இத ஆபீஸ்ல சொல்லுங்கம்மா, போதும்,” என்றார்.

வயரைத் தனிப் பைப்பில் போட ஏற்பாடு செய்தோம். நிரலில் கண்மூடித்தனமாக இரண்டு தடவை அனுப்புவதை எடுத்துவிட்டு, போர்டிடமிருந்து பதில் வராவிட்டால் மட்டும் மறுபடி அனுப்பும்படி மாற்றினேன். மாஸ்டர், ஸ்லேவ் எல்லாம் போய்க் கன்ட்ரோலர், டார்கெட் வந்தன. ஜோக் இருந்த இடத்தில், எல்லா நாட்டுக்காரர்களும் படிக்கிற இங்கிலீஷில், இந்தப் பொருளில் எழுதினேன்: ‘பல மோட்டார்கள் ஒன்றாகக் கிளம்பும்போது இரைச்சலில் கட்டளை சிதைந்துபோகலாம். பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பவும். குறை போர்டில் இல்லை.’

எம்.டி. தன் மேஜையில் என் திருத்தங்களை ஒவ்வொன்றாகப் படித்தார். பெயர் மாற்றங்களுக்கெல்லாம் தலையாட்டிக்கொண்டே வந்தார். இங்கே வந்ததும் நிறுத்தினார்.

“எல்லாம் சரி. கடைசி வரி எதுக்கு? காரணம்தான் மேலயே இருக்குதே.”

“இருக்கட்டும் சார்.”

“கஸ்டமர் கேக்கலியே.”

“நான் கேக்குறேன் சார்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “நீ இத ரொம்ப பர்சனலா எடுத்துக்கினியோன்னு தோணுது.”

வெளியே மற்றவர்களின் கீபோர்டு சத்தம் நின்றுவிட்டது. எல்லோரும் கேட்கட்டும் என்றுதான் நானும் சொன்னேன்.

“ஆமா சார், பர்சனல்தான். வெள்ளிக்கிழம அங்க இன்னா நடக்கும்னு இங்க யாருக்கும் தெரியல. டேனரி ஆளு பொண்ணுங்கறதாலதான் எனக்குத் தெரிஞ்சுது.”

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு எதையும் வெட்டாமல் அப்படியே ஒப்புதல் கொடுத்தார். நான் நன்றி சொல்லவில்லை.