ஆகாய விமானத்தில் போன சீர்

நைனாவுக்குப் புடவை வியாபாரம். அம்மையார்குப்பத்துத் தறிக்காரர்களிடம் வாங்கி, திருத்தணி ஸ்டேஷனில் மூட்டையாக ரயிலேற்றி வெளியூர்க் கடைகளுக்கு அனுப்புவார். ஒரு மூட்டைக்கும் அவர் கூலி கட்டியதில்லை. எல்லாம் 'டு பே'தான். சரக்கு வாங்குகிறவன் அங்கே கூலி கட்டி எடுத்துக்கொள்ள வேண்டும். "கூலி வர வேண்டியிருந்தாத்தான் ரயில்காரன் மூட்டைய பத்திரமா பாத்துக்குவான். முன்னாடியே கட்டிட்டா எங்கனா கடாசிட்டுப் போய்கினே இருப்பான்" என்பார்.

யுத்தம் முடிந்த பிறகு அக்காவைச் சிங்கப்பூரில் கடை வைத்திருந்தவருக்குக் கொடுத்தோம். அவளுக்கு ஏழாம் மாதம். வளைகாப்புச் சீர் நம் வீட்டிலிருந்து போக வேண்டும். 'மாமியார் தினமும் குத்திக் காட்டுகிறார்கள். சீர் அன்றைக்கு வந்துவிட்டால் போதும், நான் தலைநிமிர்ந்து இருப்பேன்' என்று எழுதியிருந்தாள். கடிதமே தாமதமாக வந்தது. கப்பலில் போட்டால் நாள் தப்பிவிடும். விமானம்தான் என்று முடிவாயிற்று.

அம்மா பட்டுப்புடவையை மலைக்கு எடுத்துப்போய் முருகன் காலடியில் வைத்து வாங்கி வந்தாள். அதோடு பித்தளைக் குடம், குத்துவிளக்கு, இரண்டு டின் அதிரசம். எல்லாவற்றையும் மாம்பலகைப் பெட்டியில் போட்டு ஆணி அடித்தோம். தூக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது.

சென்னையில் விமானச் சரக்கு ஆபீஸ் குமாஸ்தா பெட்டியை நிறுத்துவிட்டு எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"ராத்தலுக்கு இவ்வளவுன்னு சார்ஜுங்க. பெட்டிப் பலகைக்கும் சேத்துத்தான். கொடம், வெளக்கெல்லாம் எடுத்துடுங்க, அங்கயே கிடைக்கும்."

"சீரைப் பிரிக்கச் சொல்றியாப்பா? நல்லா இருக்குதே நியாயம்!" என்று நைனா எகிறினார்.

"அப்ப கூலி இங்க கட்டறீங்களா, அங்க வாங்கிக்கறதா?"

"ஆங், அங்கதான். எப்பவும் அப்படித்தானே!"

படிவம் என் கையில் இருந்தது. நான் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. ராத்தலைப் பெருக்கத் தெரியாதவன் இல்லை. சீரின் விலையைவிடக் கூலி அதிகம் என்பது அங்கேயே தெரிந்துவிட்டது. அந்தப் பக்கம் இருப்பது கடைக்காரன் அல்ல, சம்பந்தி வீடு என்பதும் தெரியும். வாயைத் திறந்திருந்தால் நைனா என்னைத்தான் கட்டச் சொல்லியிருப்பார். சைக்கிள் வாங்கப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தேன். தூ, என்ன பிழைப்பு! அங்கே வசூலிக்க வேண்டியது என்று எழுதிக் கொடுத்துவிட்டு ரயிலேறினேன்.

அக்காவின் பதில் என் ஆபீஸ் விலாசத்துக்கு வந்தது. வளைகாப்பு அன்று காலையில், வீடு நிறைய ஜனம் இருக்கும்போது, பெட்டி வந்திருக்கிறது, கூலி கட்டி எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஆள் வந்து நின்றானாம். "பொண்ணு வீட்டுச் சீருக்கு நாம கூலி அழணுமாம், கேட்டீங்களா?" என்று மாமியார் ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சிரித்தாளாம். அத்தான் அசையவில்லை. கண்ணாடி வளையல் போட நீட்ட வேண்டிய கையிலிருந்து தங்க வளையல் இரண்டையும் கழற்றி அடகுக்குக் கொடுத்துத்தான் அக்கா பெட்டியை எடுத்திருக்கிறாள்.

அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. அன்று மாலை கடிதத்தை நான்தான் படித்துக் காட்டினேன். அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நைனா வாசலுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

கடைசியில் அக்கா எழுதியிருந்தாள்: 'படிவத்தில் இருந்தது உன் கையெழுத்து. நைனாவுக்குத் தெரியாது, சரி. உனக்குமாடா தெரியாது?'

அந்த வரியை மட்டும் நான் படிக்கவில்லை.